தாயின் இடம் தாய்க்கே: வீடிழந்த தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடம் நடத்துவோருக்கான வழிகாட்டி

வீட்டை இழந்த ஒரு தாய் புகலிடத்தின் கதவை முதலில் தட்டுவதில்லை, கடைசியாகத்தான் தட்டுகிறார். அதற்கு முன்பு உடன்பிறந்தவர் வீட்டில் சில வாரங்களும் தோழியின் வீட்டில் சில நாட்களும் கழிந்திருக்கும். இரவில் பிள்ளை அழுததற்காக யாரோ முகம் சுளித்திருப்பார்கள். அதைக் கண்ட மறுநாளே அவர் துணிமணிகளை மூட்டை கட்டியிருப்பார். தெருவில் படுத்திருப்பவர்களைக் கணக்கெடுக்கும்போது தாய்மார்கள் குறைவாகவே கண்ணில் படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிள்ளையோடு வெளியில் படுத்தால் பிள்ளையை யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சம் அவர்களை ஏதேனும் ஒரு கூரைக்குள் ஒதுங்க வைக்கிறது, அந்தக் கூரை தம்மை அடிக்கும் கணவனுடையதாக இருந்தாலும்கூட.

அந்த அச்சம் உங்கள் வாசல்வரை அவருடன் வரும். உள்ளே நுழையும் முதல் கணத்திலிருந்தே, நீங்கள் பிள்ளையை எப்படிப் பார்க்கிறீர்கள், யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள், கையை யாரை நோக்கி நீட்டுகிறீர்கள் என்பதையெல்லாம் அவர் அளந்துகொண்டிருப்பார். ஆகவே ஒரு புகலிடத்தைத் தொடங்குவோரும் நடத்துவோரும் அங்கே தொண்டு செய்வோரும் தங்கள் ஒவ்வோர் ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இந்த ஏற்பாடு, பிள்ளைக்குத் தாய் அவர்தான் என்பதைக் காப்பாற்றுகிறதா, அல்லது அந்த இடத்தை நாம் எடுத்துக்கொள்கிறோமா? கூரையும் உணவும் தந்துவிட்டுத் தாயின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் புகலிடங்கள் உண்டு. அவற்றை நடத்துவோரும் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார்கள். அதனாலேயே அந்தத் தவறு எளிதில் வெளியே தெரிவதில்லை.

வாசலில் முதல் அரை மணி நேரம்

வந்தவரைப் படிவத்தின் முன் உட்கார வைக்காதீர்கள். குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, குழந்தைக்கு மாற்றுத்துணி, சாப்பாடு ஆகியவை முதலில். அந்த இரவில் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் மூன்றுதான்: உங்களை யாராவது தேடி வரக்கூடுமா, யாருக்காவது காயமோ காய்ச்சலோ இருக்கிறதா, பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது அல்லது பால் குடித்தது. மற்றவை விடியும்வரை காத்திருக்கலாம். சேர்க்கைப் படிவம் எவ்வளவு நீளமானதாக இருந்தாலும், அதை இரண்டு மூன்று அமர்வுகளாகப் பிரித்து நிரப்புவதால் எந்த நிர்வாகமும் சரிந்துவிடாது.

பேரிடர்களிலும் வன்முறையிலும் சிக்கியவர்களுக்கான உளவியல் முதலுதவியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்று மூன்று செயல்களைச் சொல்கிறது. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. தாய் தன் கதையைச் சொல்ல முன்வந்தாலும், பிள்ளை கேட்கும் தூரத்தில் அதைச் சொல்ல வேண்டிய நிலையை ஏற்படுத்தாதீர்கள். அதே அறையின் மூலையில் ஒரு தொண்டர் பிள்ளையோடு விளையாடினால் போதும், பிள்ளையைக் கண் மறைவாக வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். முதல் நாளில் பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போவதை எந்தத் தாயும் தாங்கமாட்டார். தாய் சொன்னது உண்மையா என்று பின்னால் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பதும் வேண்டாம். அப்படிக் கேட்கப்படும் பிள்ளை, தன் தாயை இங்கே நம்பமாட்டார்கள் என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்றை நேர்மையாகச் செய்ய வேண்டும். குழந்தை துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை பல நாடுகளில் இத்தகைய பணியாளர்களுக்கு உண்டு. உங்களுக்கு அந்தக் கடமை இருக்குமானால், அதன் எல்லை என்ன, எதைக் கேட்டால் நீங்கள் மௌனமாக இருக்க முடியாது என்பதை அவர் பேசத் தொடங்கும் முன்பே எளிய சொற்களில் சொல்லிவிடுங்கள். பேசி முடித்தபின் சொல்வது அவருக்குத் துரோகமாகவே தோன்றும். அதோடு, வீடில்லாமல் இருப்பது மட்டுமே பிள்ளையைப் புறக்கணித்ததாக ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 9ஆம் பிரிவில், குழந்தையின் நலனுக்கு அவசியம் என்று உரிய அதிகாரிகள் சட்ட முறைப்படி தீர்மானித்தால் ஒழியப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. அந்தத் தீர்மானம் நீதிமன்ற மறுஆய்வுக்கும் உட்பட்டது. அதே உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, தேவைப்படும் பெற்றோருக்கு உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றில் அரசு துணைநிற்க வேண்டும் என்கிறது. வறுமையில் இருக்கும் தாய்க்கு வேண்டியது வீடு. அதற்குப் பதிலாகப் பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்புவது மருந்தை மாற்றிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இடமில்லாத நாட்கள் வரும். அப்போது ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. நீங்களே பேசுங்கள், வேறோர் இடம் அவரை ஏற்றுக்கொள்ளும்வரை அவரை உங்கள் கூரையின் கீழ் உட்கார வையுங்கள், அங்கே அவர் போய்ச் சேர்ந்தாரா என்று விசாரியுங்கள்.

அறையும் சாவியும்

ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை; அந்த அறைக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள்; வெளியிலிருந்து பூட்டும் சாவி தாயின் கையில். அவசரத்துக்காக மாற்றுச் சாவி ஒன்று அலுவலகத்தில் இருக்கலாம், ஆனால் தட்டாமல் யாரும் திறக்கக் கூடாது. பணம் குறைவாக உள்ள இடங்களில் பெரிய கூடத்தைத் திரைச்சீலைகளால் பிரித்துப் பத்துக் குடும்பங்களைத் தங்க வைப்பதுண்டு. அங்கே ஒரு குழந்தை இருமினால் எல்லாக் குழந்தைகளும் இருமும். ஒரு குழந்தை விழித்தால் எல்லாரும் விழிப்பார்கள். தாய்மார்கள் இரவு முழுவதும் தங்கள் பிள்ளையின் வாயைப் பொத்தாத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். கூடத்தைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், மரப்பலகையாலாவது தடுப்புகள் எழுப்பிக் கதவு வையுங்கள்.

பேரிடர் நிவாரணப் பணிகளுக்கான ஸ்ஃபியர் கையேடு ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் தங்குமிடம் வேண்டும் என்றும், பொதுக் கழிப்பறைகளானால் 20 பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்றும் அளவு வைத்திருக்கிறது. இவை வெள்ளத்துக்கும் போருக்கும் தப்பி வந்தவர்களுக்காக வகுத்த அடிமட்ட அளவுகள். தாயும் மூன்று பிள்ளைகளுமாக 14 சதுர மீட்டரில் சில வாரங்கள் இருக்கலாம். மாதக்கணக்கில் தங்கும் இல்லத்துக்கு இதை இலக்காகக் கொள்ள வேண்டாம். கழிப்பறை அறைக்குள்ளேயே இருப்பது மிக நன்று. இல்லையென்றால், இரவில் மற்ற பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு ஒரு பிள்ளையை நீண்ட தாழ்வாரம் கடந்து கூட்டிப்போக வேண்டிய நிலை ஏற்படாத தூரத்தில் இருக்க வேண்டும். வழியெங்கும் விளக்கு எரிய வேண்டும். மாடிப்படிக்குத் தடுப்பு, சன்னலுக்குக் கம்பி, மின்செருகிக்கு மூடி, மருந்துக்கும் சோப்புத்தூளுக்கும் எட்டாத உயரத்தில் பூட்டிய அலமாரி ஆகியவற்றை முதல் குடும்பம் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சமையலறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாயின் இடம் பறிபோவது பெரும்பாலும் அங்கேதான். மணியடித்து, வரிசையில் நிறுத்தி, பணியாளர் கையால் தட்டில் உணவு பரிமாறும் முறை நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் சில வாரங்களிலேயே பிள்ளைகள் பசித்தால் தாயிடம் போகாமல் பணியாளரிடம் போகத் தொடங்குவார்கள். பொது உணவு இருக்கட்டும்; அதோடு தாய்மார்கள் தாங்களே சமைக்க இரண்டு மூன்று அடுப்புகளும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டக்கூடிய ஓர் உணவு அலமாரியும், நேரம் தவறிப் பசிக்கும் குழந்தைக்காக எப்போதும் திறந்திருக்கும் ஒரு மூலையும் இருக்கட்டும். பொது உணவானாலும் பாத்திரத்தைத் தாயின் மேசைக்குக் கொடுத்து, அவரே பிள்ளைகளுக்குப் பரிமாறும்படி செய்யுங்கள். செலவு ஏதுமில்லாத மாற்றம் இது. இதன் பயனை மிக விரைவில் காண்பீர்கள்.

காலையில் எல்லாரையும் வெளியேற்றி மாலையில் திரும்பச் சேர்க்கும் வழக்கத்தைத் தாய்மார் இல்லத்தில் எக்காரணத்துக்காகவும் ஏற்க வேண்டாம். பிறந்து சில வாரங்களேயான குழந்தையோடு பகல் முழுவதும் சுற்றித் திரியச் சொல்வது கொடுமை. குறிப்பிட்ட வயதைக் கடந்த ஆண்பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற விதியும் அத்தகையதே. பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகனை வேறிடத்துக்கு அனுப்பினால்தான் தாய்க்கும் தங்கைக்கும் இடம் என்றால், பல தாய்மார்கள் ஆபத்தான வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். மற்ற பெண்களின் தயக்கம் உண்மையானதுதான். தனிக் கதவும் தனிக் கழிப்பறையும் உள்ள அறைகளை இத்தகைய குடும்பங்களுக்கென்று ஒதுக்கினால் அந்தத் தயக்கத்தை மதித்தபடியே குடும்பத்தையும் சேர்த்து வைத்திருக்கலாம்.

கைக்குழந்தையோடு வருபவர்கள்

அலைச்சலாலும் பட்டினியாலும் தாய்ப்பால் வற்றிவிட்டது என்று பல தாய்மார்கள் சொல்லிக்கொண்டு வருவார்கள். உடனே பால் மாவு டப்பாவை நீட்டிவிடாதீர்கள். அடிக்கடி பால் கொடுப்பதும், தாய்க்கு உணவும் நீரும் ஓய்வும் கிடைப்பதும், அமைதியான தனியிடமும் பெரும்பாலும் பால் சுரப்பை மீட்டுத் தரும். தாய்ப்பால் ஊட்டுவதில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை முதல் இரண்டு நாட்களுக்குள் அழைத்துவருவது சிறந்தது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவோடு 2 வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆயினும் தாய்ப்பால் கொடுக்க முடியாதவரையும், ஏற்கெனவே பால் மாவுக்கு மாறிவிட்டவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். அவருக்கு வேண்டியது பாதுகாப்பான தயாரிப்பு. பால் மாவு கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. ஆகவே கொதிக்க வைத்து, 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத நீரில் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கலக்கிய பாலை 2 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும். இதனால்தான், நள்ளிரவிலும் தண்ணீர் கொதிக்க வைக்கும் வசதி வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சமையலறையை இரவில் பூட்டிவைக்கும் இல்லத்தில், மாலையில் கலக்கிய புட்டி விடியற்காலைவரை குழந்தையின் வாயில் இருக்கும். அடுத்த நாள் வயிற்றுப்போக்கு வரும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசலைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அத்துடன் துத்தநாகத்தை 10 முதல் 14 நாட்கள் கொடுப்பது நடைமுறை, அதன் அளவை மருத்துவப் பணியாளர் சொல்வார். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பிறந்து 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் மேற்கை நடுப்பகுதியின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. வீட்டு உணவால் மட்டும் சரியாகாது, மருத்துவம் தேவை. அளப்பதற்கு ஒரு நாடா போதும்.

குழந்தை தூங்கும் இடத்தையும் முதல் இரவிலேயே கவனிக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையை மல்லாந்த நிலையில், சமமான உறுதியான மெத்தையில், தலையணையும் கனத்த போர்வையும் பொம்மையும் இல்லாமல் படுக்க வைப்பது திடீர் மரண ஆபத்தைக் குறைக்கிறது. வந்த களைப்பில் தாய் சாய்வு நாற்காலியிலோ சோபாவிலோ குழந்தையை மார்பில் வைத்தபடி உறங்கிவிடுவது மிகவும் ஆபத்தானது. எனவே தொட்டில் ஒன்று அவருடைய கட்டிலின் பக்கத்திலேயே தயாராக இருக்க வேண்டும். அதை அவர் கேட்டு வாங்கும்படி வைக்கக் கூடாது.

வளரும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் மாறாமல் இருப்பது இந்தப் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய உதவி. வீடு போனபின்பும் மாறாமல் இருக்கும் ஆசிரியரும் நண்பர்களும் வகுப்பறையும் அங்கேதான் இருக்கின்றன. அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட மெக்கின்னி வென்டோ சட்டம், பின்னர் விரிவுபட்ட வடிவத்தில், வீடிழந்த பிள்ளை தன் பழைய பள்ளியிலேயே தொடர்வதற்கும் அதற்கான போக்குவரத்துக்கும், ஆவணங்கள் கைக்கு வருமுன்பே சேர்க்கை பெறுவதற்கும் உரிமை தருகிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையென்றாலும், பழைய பள்ளிக்குப் போய்வரும் பயணச் செலவை இல்லத்தின் வரவுசெலவில் முதல் வரிசையில் எழுதுங்கள். வன்முறைக்குத் தப்பி வந்த குடும்பமானால் மட்டும் கணக்கு மாறும். பள்ளி வாசலில் காத்திருப்பது, துரத்துபவனுக்கு மிக எளிய வழி.

பள்ளியில் யாருக்கு எவ்வளவு சொல்வது என்பதைத் தாயும் பிள்ளையும் முடிவு செய்யட்டும். இல்லத்தின் பெயர் எழுதிய வண்டியில் பிள்ளைகளை இறக்கிவிடுவது, இல்லத்தின் பெயர் பொறித்த பையைக் கொடுப்பது, நன்கொடையாளர் வரும்போது பாட்டுப் பாட வைப்பது, புகைப்படம் எடுத்து வெளியிடுவது ஆகியவை பிள்ளையின் முகத்தில் வறுமையை எழுதி ஒட்டுவதற்குச் சமம். அதன் மூலம் வரும் நன்கொடை எவ்வளவானாலும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு நிர்வாகத்துக்கு இருக்க வேண்டும்.

நான்கு வயதுப் பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை உணவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கலாம். பத்து வயதுப் பெண் தன் தம்பிக்குத் தாயாகவே மாறியிருக்கலாம். இவை கெட்ட பழக்கங்கள் அல்ல, நிலையில்லாத வாழ்க்கைக்கு உடல் கொடுக்கும் விடைகள். கூடுதல் படுக்கை விரிப்பைப் பேசாமல் அறையில் வையுங்கள். உணவைப் பறிக்காமல், மூடி உள்ள டப்பா ஒன்றைக் கொடுங்கள். அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில்லாத விளையாட்டு நேரம் தேவை. அது கிடைக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் தாயின் கைவேலையைக் குறைக்க ஒருவர் வேண்டும்.

பிள்ளை தவறு செய்தால் தாயை மீறிக் கண்டிக்கக் கூடாது என்பதைப் பணியாளர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லுங்கள். இன்னொரு பிள்ளைக்கு அடிபடும் ஆபத்து இருந்தால் தடுத்து நிறுத்தலாம். அதற்கு மேல் பேச வேண்டியதைத் தாயிடம், தனியாக, பிள்ளை இல்லாதபோது பேச வேண்டும். தாய் பிள்ளையை அடிப்பதைப் பார்த்தால் கண்டும் காணாமல் போகவும் முடியாது. அந்த நேரத்தில் பிள்ளையைப் பிடுங்குவதைவிட, "நீங்கள் கொஞ்சம் வெளியே காற்றாட இருந்துவிட்டு வாருங்கள், நான் இவர்களோடு இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்வது பெரும்பாலும் கையை இறக்கிவிடும். பிறகு, அடிக்காமல் வளர்க்கும் வழிகளைப் பற்றிப் பேச ஒரு நேரம் குறியுங்கள். பிள்ளைக்கு உண்மையான ஆபத்து இருக்கும்போது மட்டும் தாயின் விருப்பத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

தாயின் உடலும் மனமும்

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பவரைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும். அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் அளவுக்கு இரவுப் பணியாளருக்கும் இந்தப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் வெளிவந்த எடின்பரோ அளவுகோல் எளிய கருவி. கடந்த 7 நாட்களின் மனநிலையைப் பற்றிய 10 கேள்விகளைக் கொண்டது. பல மொழிகளில் கிடைக்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் அல்லது காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு ஆம் என்ற பொருளில் விடை வந்தால் அன்றே மனநல உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தத் தாளைச் சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து நீட்டாதீர்கள். பிள்ளை பறிபோகும் என்று அஞ்சும் தாய், எல்லாக் கேள்விக்கும் "நன்றாக இருக்கிறேன்" என்றே எழுதுவார். ஒரு வாரம் கழித்து, அவர் நம்பும் ஒருவர், இந்த விடைகளால் உங்கள் பிள்ளையை யாரும் எடுத்துப் போகமாட்டார்கள், சிகிச்சை பெறுவது நல்ல தாய்மையின் பகுதியே என்று சொல்லிவிட்டுக் கேட்டால்தான் அதற்குப் பொருள் இருக்கும். சிகிச்சைக்கு அவர் போகும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அதே மூச்சில் தீர்த்து வையுங்கள். அது தீராமல் கொடுக்கும் மருத்துவச் சீட்டு பயன்படாமலே போகும்.

அவருக்குத் தூக்கம் வேண்டும். இதை மருத்துவக் குறிப்பாகவே எழுதிவைக்கலாம். மாதக்கணக்கில் ஒரு கண்ணை மூடாமல் பிள்ளைகளைக் காத்து வந்தவர்கள், பூட்டிய அறையில் முதல் வாரம் முழுவதும் உறங்கிக்கொண்டே இருப்பார்கள். அதைச் சோம்பல் என்று எண்ணி, வேலை தேடும் வகுப்புக்கு எழுப்பி அனுப்ப வேண்டாம்.

துரத்தி வரும் ஆபத்து

வன்முறைக்கு அஞ்சி வெளியேறியவருக்கு, வெளியேறிய உடனடிக் காலமே மிக ஆபத்தான காலம். இல்லத்தின் முகவரியைத் துண்டறிக்கையிலும் பெயர்ப்பலகையிலும் போடாமல் இருப்பது பழைய பாடம். இன்று அதைவிட முக்கியமானது கைப்பேசி. இடத்தைப் பகிரும் வசதி, பகிரப்பட்ட மின்னஞ்சல் கணக்கு, பிள்ளைக்குத் தந்தை வாங்கித் தந்த விளையாட்டுக் கருவி, பையின் அடியில் கிடக்கும் சிறிய கண்காணிப்பு வில்லை ஆகிய எதனாலும் இடம் தெரிந்துவிடும். இல்லத்துக்குள் வருவதற்கு முன்பே, வேறோர் இடத்தில் வைத்து, தாயின் சம்மதத்தோடு இவற்றைச் சரிபாருங்கள். கருவியைப் பறித்து அணைத்து வைப்பது எப்போதும் சரியான வழியாகாது. தொடர்பு திடீரென்று அறுந்தால் துரத்துபவன் உஷாராவதும் உண்டு, மிரட்டல் செய்திகள் சாட்சியமாகத் தேவைப்படுவதும் உண்டு. காவல்துறைக்குப் போவதா, எப்போது போவது என்பதில் அவருடைய கணிப்புக்கே முதல் இடம் கொடுங்கள். அந்த மனிதனை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

யார் தொலைபேசியில் கேட்டாலும், உறவினர் என்று சொன்னாலும், அதிகாரி என்று சொன்னாலும், "இங்கே யார் தங்கியிருக்கிறார்கள் என்று நாங்கள் சொல்வதில்லை" என்ற ஒரே விடையை எல்லாரும் மாறாமல் சொல்லப் பழக வேண்டும். அதிகாரபூர்வமான கோரிக்கையானால் எழுத்தில் வரட்டும், பொறுப்பாளர் சரிபார்த்துப் பதில் தரட்டும்.

விதிகள், காகிதங்கள், பணம்

விதிகள் குறைவாக இருக்கட்டும். வன்முறை கூடாது, ஆயுதம் கூடாது, மற்றவர் இங்கே இருப்பதை வெளியே சொல்லக் கூடாது, தீயும் புகையும் கட்டடத்துக்குள் கூடாது என்பன போதும். இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைத்தல், அறைச் சோதனை, மதிப்பெண் பலகை போன்றவை வளர்ந்த பெண்ணை அவர் பிள்ளைகளின் கண்முன்னே பிள்ளையாக்கிவிடுகின்றன. விதி மீறல் எதுவாயினும் குடும்பத்தையே வெளியேற்றுவது தண்டனையாக இருக்கலாகாது. வெளியேற்றப்படும் குழந்தை எந்த விதியையும் மீறவில்லை.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை ஆகிய மூன்றையும் முதல் மாதத்துக்குள் தேடி எடுங்கள் அல்லது புதிதாக விண்ணப்பியுங்கள். உதவித்தொகை, பள்ளி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் இவற்றையே கேட்கும். மூலங்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பூட்டும் பெட்டி ஒன்றைத் தாயிடம் கொடுத்து அதில் வைக்கச் சொல்லுங்கள். அவருடைய பணத்துக்கும் இதே விதி. கணவன் அறியாத தனி வங்கிக் கணக்கு தொடங்க உதவலாம். சேமிப்பைப் பற்றிப் பேசலாம். ஆனால் பணத்தை வாங்கிப் பூட்டி வைத்து, செலவுக்குக் கணக்குக் கேட்கும் இல்லம், அவர் விட்டு ஓடிவந்த வீட்டைத்தான் அவருக்கு நினைவூட்டும்.

சொந்த வீடு, அதன் பின்னான மாதங்கள்

எவ்வளவு நல்ல இல்லமும் வீடாகிவிடாது. ஆகவே நிரந்தரமான வாடகை வீட்டைத் தேடும் வேலையை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். தாய் முதலில் எல்லாவற்றிலும் தேறி, வேலை பெற்று, வகுப்புகள் முடித்து, அதன்பின் வீட்டுக்குத் தகுதி பெறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 12 பகுதிகளில் 2,282 குடும்பங்களைச் சேர்த்து நடத்திய ஆய்வின் மூன்றாண்டு முடிவுகள் 2016இல் வெளிவந்தன. புகலிடத்தில் இருந்த குடும்பங்களுக்கு நீண்டகால வாடகை உதவி முன்னுரிமையோடு வழங்கப்பட்டபோது, வழக்கமான ஏற்பாடுகளில் விடப்பட்ட குடும்பங்களோடு ஒப்பிட, மீண்டும் வீடிழக்கும் நிலை பாதிக்கும் மேல் குறைந்தது. பயிற்சிகளும் ஆலோசனைகளும் நிறைந்த இடைக்கால இல்லங்கள் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. ஒரு புகலிட நிர்வாகிக்கு இது கசப்பான செய்தியாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் நம்மிடம் உள்ள பணத்தில் எவ்வளவு சுவர்களுக்குப் போகிறது, எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நேர்மையாகக் கணக்குப் பார்க்க இது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

வீடு பார்க்கும்போது தாயோடு போங்கள், வீட்டுக்காரரிடம் பேசும் பொறுப்பை அவரிடமே விடுங்கள், முன்பணத்துக்கு ஜாமீன் தேவைப்பட்டால் நீங்கள் நில்லுங்கள். குடியேறும் நாளில் அடுப்பு, படுக்கை, வாளி, விளக்கு, ஒரு வாரத்துக்கான உணவுப்பொருள் ஆகியவை வீட்டில் இருக்க வேண்டும். இல்லத்தில் பிள்ளை உறங்கிப் பழகிய போர்வையையும் கொடுத்தனுப்புங்கள்.

அதன் பிறகு கைவிட்டுவிடக் கூடாது. நெருக்கடிக் காலத் துணை என்று அழைக்கப்படும் ஒரு முறை, புகலிடத்தை விட்டு வெளியேறுவோருக்கு ஒன்பது மாதங்கள் துணை நிற்கிறது. நியூயார்க்கில் மனநோயால் பாதிக்கப்பட்ட ஆண்களுக்காக உருவான அந்த முறை, பின்னர் குடும்பங்களுக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டது. முதல் மூன்று மாதங்களில் அதே பணியாளர் அடிக்கடி நேரில் போகிறார். அடுத்த மூன்று மாதங்களில் அக்கம்பக்கத்தார், மருத்துவர், ஆசிரியர், உறவினர் என்று அவரைச் சுற்றி உருவாகும் வலை தாங்குகிறதா என்று சோதிக்கிறார். கடைசி மூன்று மாதங்களில் தான் மெல்ல விலகுகிறார். விலகும் தேதி முதல் நாளிலிருந்தே தாய்க்குத் தெரிந்திருக்கும். புது வீட்டின் முதல் சில வாரங்களில் தனிமை கடுமையாக இருக்கும் என்பதையும், இல்லத்தின் சத்தத்துக்கே மனம் ஏங்கக்கூடும் என்பதையும் முன்பே சொல்லிவைத்தால், அந்த ஏக்கம் வரும்போது தாம் தோற்றுவிட்டதாக அவர் எண்ணமாட்டார்.

சிலர் திரும்பி வருவார்கள். வேலை போயிருக்கும், வாடகை ஏறியிருக்கும், பழைய மனிதன் புதிய முகவரியைக் கண்டுபிடித்திருப்பான். அந்த நாளுக்காக அவருடைய கோப்பைத் தூக்கியெறியாமல், அவருடைய சம்மதத்தோடு, பூட்டிய அலமாரியில் வைத்திருங்கள். வாசலில் அவரைப் பார்த்ததும், சேர்க்கைக் கேள்விகளை இரண்டாம் முறை முதலிலிருந்து கேட்காமல், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அறைச் சாவியை அவர் கையில் கொடுங்கள்.